உங்கள் அறையை ஏன் அளக்கவில்லை, அண்ணை?

என் அன்பு மாடிவீட்டு அண்ணைக்கு,

நீங்கள் போய் ஆறு கிழமை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இன்னும் மழை. மழை என்றால் உங்களிடம் சொல்லத்தான் மனம் ஓடுகிறது.

மலை உச்சி வானிலை நிலையங்களுக்காகக் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைக் கண்டுபிடித்த ஜேர்மன் பௌதிகவியலாளர் நீங்கள். லண்டன்காரியைக் கட்டி இங்கே வந்து, அவரும் இறந்தபின் தனித்துப்போனீர்கள். நான் ஜேர்மனியில் அகதியாக இருந்துவிட்டு, உங்களுக்குக் கீழ்வீட்டில் வாடகைக்கு வந்தவள். படிக்கட்டில் மகளை ஜேர்மன் மொழியில் ஏசினேன். அந்தச் சத்தம் கேட்டுத்தானே கதவைத் திறந்தீர்கள்?

அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். வீட்டு ஏஜென்டும் எங்கள் ஆள்தான். "அக்கா, நீங்கள் நெடுகச் சமைக்கிறியள், உள்ளுக்கை உடுப்புக் காயப்போடுறியள். அதாலைதான்" என்றான். நான் கூனிக்குறுகி நின்றேன்.

மறுநாள் கருவியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தீர்கள். "ஒரு கிழமை சமைக்காதே, துவைக்காதே" என்றீர்கள். ஈஸ்ட் ஹாம் கடைச் சாப்பாட்டில் இருந்தோம். கருவியின் ஊசி இறங்கவேயில்லை.

"பிழை உன்னுடையதல்ல, தங்கச்சி. வெளிச்சுவருக்குள் தண்ணீர் இறங்குகிறது." தங்கச்சி என்பதை மட்டும் தமிழில் சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் எழுதிக்கொடுத்த அறிக்கையைப் பார்த்து கவுன்சில் உத்தரவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் பக்கச் சுவரை மட்டும் திருத்தினார். அப்போதே நீங்கள் இருமிக்கொண்டிருந்தீர்கள். "கருவியைத் திருப்பித் தரட்டோ, அண்ணை?" என்று கேட்டேன். "பிள்ளை முதலில் நன்றாகத் தூங்கட்டும்" என்றீர்கள். பிறகு ஆஸ்பத்திரி. திரும்பி வரவில்லை.

உங்களுக்கு உடுத்திவிட நல்ல கோட் எடுக்கத்தான் முதன்முதலாக உங்கள் அறைக்குள் போனேன். கட்டிலை நகர்த்தினால் தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பு. கையை வைத்தேன், நனைந்தது.

"அண்ணை, உங்களுக்குத் தெரியுமே?" வெறும் அறையில் வாய்விட்டுக் கேட்டேன். உலகத்து ஈரமெல்லாம் அளந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் எங்களை உள்ளே விடவில்லையா?

மகள் இப்போது மூச்சுக்கு அடிக்கும் பம்ப் இல்லாமல் நித்திரை கொள்கிறாள். நேற்று ஏஜென்ட் போன் எடுத்தான். "மேல் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, அக்கா. கைக்குழந்தையோட ஒரு குடும்பம் வருது."

"ஈரத்துக்கு மேலையோ அடிச்சனி?" என்றேன். போனை வைத்துவிட்டான்.

அந்தக் குழந்தை வருமுன் உங்கள் அறையை நான் அளப்பேன், அண்ணை. அறிக்கையும் எழுதுவேன். எழுதியவர் பெயரைக் கேட்டால் என் பெயரைச் சொல்வேன். உறவைக் கேட்டால் உங்கள் தங்கச்சி என்பேன்.

உங்கள் கீழ்வீட்டுத் தங்கச்சி,
ஜெயந்தி