மச்சான் அந்தப் பணத்தை எடுக்கவில்லை

கரடியூர், ஏற்காடு

அன்பு மகன் சத்யராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சசிரேகாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. லேகோஸில் நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

போனில் மச்சான் பேச்சு வந்தாலே நீ சத்தம் போடுகிறாய், எனக்கு அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். அப்பா மிளகு பறிக்கப் போய் ஏணி சரிந்து விழுந்ததும், சேலத்து ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றதும் உனக்குத் தெரியும். அங்கே பேங்கில் டாலர் கிடைக்கவில்லை என்று நீ டாலர் காயின் என்கிற கிரிப்டோ காசாக வாங்கி மச்சான் சதீஷின் போனுக்கு அனுப்பினாய், அவர் அதை விற்று ரூபாயாக்கிக் கட்டுவதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்துவிட்டது என்றாய் நீ, வரவில்லை என்றார் அவர். "மச்சான்தான் அமுக்கிட்டாரு" என்று நீ கத்தியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது, சாமி. கட்டிலில் கிடந்த அப்பா கேட்டுவிட்டார். கால்மாட்டில் நின்ற மச்சானைப் பார்த்து, "நெசமுங்களா மாப்பிள்ளை" என்றார். மச்சான் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. மச்சான் வைத்திருக்கும் ஆப்பில் எத்தீரியம் நெட்வொர்க் என்கிற பாதை வழியாக வந்தால்தான் கணக்கில் ஏறுமாம். நீ கட்டணம் குறைவென்று வேறு நெட்வொர்க்கில் அனுப்பியிருக்கிறாய். இரண்டுக்கும் முகவரி ஒன்றுதான் என்பதால் உன் போனில் சேர்ந்ததாகக் காட்டியது, அவர் கணக்கில் ஏறவில்லை. அந்த ஆப் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறார், வரலாம், வராமலும் போகலாம். எந்த நெட்வொர்க் என்று அவரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. மச்சான் தன் பைக்கை விற்றுத்தான் முன்பணம் கட்டினார், அதற்குள் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து அப்பா கண் திறக்கவே இல்லை. "மாப்பிள்ளை எடுக்கலீங்க, காசு வேற வழியில போயிருச்சுங்க" என்று காதோரம் சொன்னேன், கேட்டதோ இல்லையோ. முன்னாலேயே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன், சொல்ல முடியாதும்மா என்றார். அதையே நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே. இனி யாருக்கு அனுப்பினாலும் எந்த நெட்வொர்க் என்று கேட்டு, முதலில் கொஞ்சம் போட்டுப் பார், வந்தது என்று அவர்கள் சொன்ன பிறகு மீதியை அனுப்பு.

அப்பா காரியத்தன்று பந்தல் கட்டியது, பந்திக்கு இலை போட்டது எல்லாம் மச்சான்தான், ஆனால் ஊட்டுக்குள் வரவில்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. உள்ளே வாங்க என்று நான் கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். "மாமா கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லலீங்க அத்தை" என்றார். அக்கா உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தவிக்கிறாள்.

அந்தக் கரடியூர் மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும் கண்ணு, நீ நன்றாக இருக்க வேண்டும். மச்சானுக்குப் போன் செய். எடுக்கமாட்டார். எடுக்கும் வரை செய்.

இப்படிக்கு,
உன் அம்மா மாதம்மாள்