நிரப்பத் தேவையில்லாத கட்டம்

மன்னார்,
19.06.2025

அன்பின் நுஸ்ரியா,

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், எனக்கு வெட்கம் தருவதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். நான்கு மாதமாக நீ எனக்குப் பதில் போடவில்லை. இதையாவது முழுவதும் வாசி. உன் கையில் இருப்பது சாச்சியின் போன் என்பதால் தாளில் எழுதுகிறேன். உன் உம்மா நாளை புத்தளம் வருகிறார். உறையை ஒட்டித்தான் அவரிடம் கொடுப்பேன்.

முதலில் என் பிழை. மாசி மாதம் நம் வகுப்பில் அந்தச் செயலியைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். மனம் பாரமான பிள்ளை எழுதுவாள், பயிற்சி பெற்ற இன்னொரு பிள்ளை கேட்பாள். நீ எழுதினாய், கேட்டவள் நான். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு நித்திரை இல்லை, வகுப்பில் நெஞ்சு படபடக்கிறது என்றாய். கடைசியில் என் பக்கத்தில் 'உதவக்கூடிய பெரியவர்' என்றொரு கட்டம் வந்தது. அதை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பரீட்சைத் தாளில் ஓரிடத்தையும் வெறுமையாக விடாதவள் நான். உன்னைக் கேட்காமலே உன் சனூன் மாமாவின் பெயரையும் எண்ணையும் போட்டேன்.

அவர் நல்ல மனிதர். அதனால்தான் அன்று பின்னேரமே உனக்குப் பேய் பிடித்ததோ என்று ஓதிப் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். உங்கள் உப்புக்குளம் முழுவதும் "பிள்ளைக்கு என்னவாம்?" என்று கேட்டது. அடுத்த கிழமை உன் கதிரை வெறுமையாக இருந்தது. உன்னைப் புத்தளத்துக்கு, சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று செயலியைச் செய்த சிவராசா அண்ணா கொழும்பிலிருந்து திருத்திய பதிப்போடு வந்தார். புதிய நிறங்கள், சிரிக்கும் சூரியன். அந்தக் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. எப்படியிருக்கிறது என்று கேட்டார். தூரத்திலிருந்து வந்தவருக்கு நம் ஊரில் என்ன சொல்வோம்? "நல்லாயிருக்கு அண்ணா" என்றோம். நானும்தான் சொன்னேன்.

பிறகு உன் கதிரையைப் பார்த்தேன். எழுந்து நின்றேன். "நான் பொய் சொன்னனான் அண்ணா. இந்தக் கட்டத்தால ஒரு சிநேகிதியை இழந்து போனன்" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஆபத்தென்றால் பெரியவருக்குத் தெரியவேண்டாமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பெற்றிசியா முந்திக்கொண்டாள். "எங்கட ஊரில ஒரு பெரியவருக்குச் சொல்லுறதும் கோயில் ஒலிபெருக்கியில சொல்லுறதும் ஒண்டுதான் அண்ணா!" வசந்தமலர் ரீச்சர்கூடச் சிரித்துவிட்டார். முசலியிலிருந்து நம் வகுப்புக்குப் படிக்க வரும் சித்தி மரியம் சிரிக்கவில்லை. "ஆபத்தெண்டால் சொல்லத்தான் வேணும். ஆனா ஆருக்குச் சொல்லுவம் எண்டு முதலே சொல்லிப்போட்டுக் கதைக்கக் கேளுங்கோ" என்றாள்.

சிவராசா அண்ணா மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பி, "அப்ப நீங்களே சொல்லுங்கோ, நான் மாத்திறன்" என்றார்.

மாற்றினோம், நுஸ்ரியா! உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் ஆஸ்பத்திரி உளவளத்துணையாளர் ஒருவருக்குத் தெரியவரும். அது முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கும். மற்றபடி யாருக்குச் சொல்வது என்பதை எழுதுகிற பிள்ளைதான் முடிவு செய்வாள். பெயரைக் கேட்டாலே கோயிலா பள்ளிவாசலா, எந்த ஊர் என்று இங்கே தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே எல்லோருக்கும் மீன் பெயர். பெற்றிசியா திருக்கையாம். "வாலில முள்ளிருக்கு, கவனம்" என்கிறாள்.

கடைசியாக என்னையே பரீட்சிக்கச் சொன்னார்கள். கட்டத்தை நிரப்பாமல் விட்டு அழுத்தினேன். அடுத்த பக்கம் திறந்தது! நாங்கள் கைதட்டிய சத்தத்தில், வாசலில் படுத்திருந்த கழுதை எழுந்து வீதிக்கு ஓடியது. திங்கட்கிழமை இது அரிப்பு, முசலிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. எங்கள் சொல் போகிறது.

சூடை மீனின் பெயரை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவிடவில்லை. பொரித்த சூடையை முள்ளோடு தின்பவள் உன்னை விட்டால் வேறு யார்?

இதோடு ஒரு வெறும் தாள் மடித்து வைத்திருக்கிறேன். நீ அதை நிரப்பவேண்டும் என்றில்லை. வெறுமையாகவே அனுப்பினாலும் எனக்குப் போதும். உம்மாவுக்கும் சாச்சிக்கும் என் சலாம். உனக்கு நல்ல நித்திரை கிடைக்க மாதாவிடம் கேட்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
நிறஞ்சலா

பி.கு.: கணினி அறையில் இருந்துதான் எழுதினேன். ரீச்சர் அறையைப் பூட்டத் திறப்போடு வந்துவிட்டார். விளக்குகளை அணைக்கிறார்கள்.