பெஜாயாத் துறைமுகத்தில் நிற்கும் தம்பிக்கு

மோர்னிங்சைட்,
ரொறன்ரோ.
14.06.2009

அன்பின் தம்பி சச்சிதானந்தனுக்கு,

அக்கா சந்திரவதனா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. முதலாளி கைவிட்டுப் போன கப்பலில், சம்பளமும் இல்லாமல், விளக்கும் எரியாமல் மாதக்கணக்காக இருக்கிறவனிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே அத்தானும் அட்சயாவும் நானும் உடம்பளவில் சுகம். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் உனக்காக ஒரு தேங்காய் உடைத்திருக்கிறேன்.

மாலுமிகளைப் பார்க்க வரும் அந்தப் பாதிரியாரிடம் நீ கொடுத்துவிட்ட கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம்! அதில் மூன்றரைப் பக்கம் மலை, வளைகுடா, கலங்கரை விளக்கம், எந்த அரசன் எப்போது வந்தான், யார் யாரை விரட்டினான். பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரப் பாடம் என்றால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவன் நீ. அல்ஜீரியாவின் ஒரு மாகாணத்தையே இப்போது கரைத்துக் குடித்திருக்கிறாய். என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. எனக்குத் தெரியாதா உன்னை? சோறு குறைந்த நாட்களில்தான் நீ மலையைப் பற்றி நிறைய எழுதுகிறாய். கப்பலின் சமையற்காரனே பட்டினி என்றால் மற்றவர்கள் பாடு என்ன?

சாப்பாட்டைப் பற்றி எழுதியது ஒரே ஓர் இடத்தில்தான். சித்திரா பௌர்ணமி அன்று ஆளுக்கு ஒரு துண்டுப் பாண்தான் மிஞ்சியிருந்ததாம். இரவுக்கு வைத்திரு என்று மற்றவர்கள் சொல்லியும் நீ மத்தியானமே சாப்பிட்டுவிட்டாயாம். தாயில்லாதவர்கள்தான் அன்றைக்கு விரதம் இருப்பது, அம்மா இருக்கிறவன் பட்டினி கிடந்தால் அம்மாவுக்குக் கூடாது என்று உன்னோடு இருக்கும் பிலிப்பீன்காரனுக்கு விளக்கம் வேறு கொடுத்தாயாம். முதலில் வாசித்தபோது சிரித்தேன். பிறகு எத்தனையோ தடவை அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன்.

உனக்குப் போட்டியாக நானும் படித்தேன், தெரியுமா? அட்சயா நூலகத்தில் இருந்து பெரிய தேசப்படப் புத்தகம் எடுத்து வந்தாள். வளைகுடாவின் மேற்கு மூலையில் உன் ஊர், அதன் தலைமாட்டில் குராயா மலை. ஊருக்குத் தெற்கே ஸும்மாம் ஆறு கடலில் விழுகிறது. ரோமர் காலத்தில் அந்த ஊருக்கு வேறு பெயர். பிறகு அந்த மண்ணின் முஸ்லிம் அரசர்களின் தலைநகர், பிறகு ஸ்பானியர், துருக்கியர், பிரெஞ்சுக்காரர். அங்கேயிருந்து போன மெழுகினால்தான் பிரெஞ்சுக்காரர் மெழுகுவர்த்திக்கே அந்த ஊரின் பெயரை வைத்தார்களாம். இத்தாலி வியாபாரி ஒருவரின் மகன் நம் பக்கத்து இலக்கங்களை அந்தத் துறைமுகத்தில் படித்துத்தான் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனான் என்று நீ எழுதியிருந்ததும் உண்மைதானாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவள் வார்தியா. எங்கள் மாடியிலேயே இருக்கிறாள், உன் மாகாணத்துக்காரி, மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் என்னோடு வேலை. நீ நிற்கும் துறைமுகத்தின் பெயரைச் சொன்னதும் வேலைமேசையிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அவளுடைய சொந்த ஊர் கெராட்டா. கடற்கரையில் இருந்து உள்ளே, மலை இடுக்கில். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்த அன்று, 1945 மே மாதம், உலகமெல்லாம் தெருவில் இறங்கி ஆடியபோது, எங்களுக்கும் விடுதலை வேண்டும் என்று அவர்களுடைய சனமும் தெருவில் இறங்கியது. அடுத்து வந்த நாட்களில் பிரெஞ்சுப் படை ஆட்களைச் சுட்டு மலை இடுக்கில் தள்ளியது. அவளுடைய தாயின் அண்ணனும் அதில் ஒருவர். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைப் பெற்றவளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லையாம். அதனால் அந்த வீட்டில் ஒருவராலும் அழ முடியவில்லை. அழுகை வந்தால் ஆட்டுக் கொட்டிலுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவார்களாம். வருடக்கணக்காக அப்படியே இருந்ததில் ஆளுக்கு ஆள் முகம் பார்ப்பதே நின்றுபோனது என்றாள் வார்தியா. இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கென்ன, உனக்கு நடந்து முடிந்த கதை என்று மனதுக்குள் ஏசினேன்.

இங்கே எங்கள் யுத்தமும் முடிந்துவிட்டது என்று ரிவியில் சொன்ன அன்று அத்தான் எழுந்துபோய் வயரையே பிடுங்கிவிட்டார். அட்சயா யுத்தத்தை நிறுத்தச் சொல்லி மே மாதம் முழுக்கத் தெருவில் நின்றவள், நெடுஞ்சாலையை மறித்துச் சனம் போய் இருந்தபோது தானும் போய் இருந்தவள். இப்போது பேச்சே குறைந்துவிட்டது. ஒருநாள் மட்டும், இட்ஸ் ஓவர் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள் அம்மா, வட்ஸ் ஓவர் என்று கேட்டாள். சாப்பிடு பிள்ளை என்றேன்.

போன கிழமை நீ பாதிரியாரின் போனில் எடுத்தபோது, அம்மான்ரை பேர் எந்த முகாமிலை அக்கா என்றுதான் முதலில் கேட்டாய். நான் குராயா மலையில் குரங்கு இருக்கிறதாமே என்று கேட்டேன். நீ திரும்பவும் கேட்டாய். நான் கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கதைத்தேன். கொழும்புக்கு ரிக்கெற் தருகிறார்கள், கப்ரன் நீட்டும் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு வவுனியாவுக்குப் போய் அம்மாவை முகாமிலையிருந்து எடுக்கப்போறன் என்று நீ சொன்னதோடு லைன் அறுந்துவிட்டது. அதுவரைக்கும் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்றுதான் நான் இருந்தேன்.

16.06.2009

முந்தாநாள் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழுந்தவள்தான். இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. எழுதி முடிக்காமல் எழும்புவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி, எந்த முகாமிலும் அம்மாவின் பெயர் இல்லை. நீ போய்த் தேடினாலும் இருக்காது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஜெயமலர் போன் எடுத்தாள். புதுக்குடியிருப்பில் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, உனக்கு நினைவிருக்கும். செட்டிகுளம் முகாமில் யாருடையதோ போனை வாங்கிக் கதைத்தாள். அக்கா, அம்மா கடைசிமட்டும் எங்களோடைதான் நிண்டவ, என்ரை மகன் கப்பல்லை சமையல், அவனுக்கு ஒருநாளும் பசி தெரியாது எண்டு பங்கருக்குள்ளை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவ என்றாள். மிச்சத்தை நான் எழுத மாட்டேன். தன்னிடம் இருந்த மாற்றுச் சேலையை எடுத்து அம்மாவுக்கு மேலே விரித்துவிட்டு நடந்ததாகச் சொன்னாள். வேறை ஒண்டும் செய்யேலாமல் போச்சு அக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

திகதி கேட்டேன். அங்கே ஒருவரும் நாள் பார்க்கவில்லையாம். நல்ல நிலவு எண்டு மட்டும் தெரியும் அக்கா, முழு நிலவு, அந்த வெளிச்சத்துக்கே நாங்கள் பயந்துகொண்டு இருந்தனாங்கள் என்றாள். அந்த முழு நிலவு எந்த நாள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று, நீ உன்னை வருத்தக் கூடாது. நீ மத்தியானம் சாப்பிட்டாய். அப்போது ஊரில் நிலவு எழும்பியிருக்காது. நீ சாப்பிடும்போது நீ சொன்னது சரி. இதை நான் உறுதியாக நம்புகிறேன், நீயும் நம்பு.

அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதே. வன்னியில் பிறந்து வளர்ந்த ஆம்பிளை, இந்த நேரத்தில் கொழும்பில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரை மீட்கப் போகிறாய்? ஓறான் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குச் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதில் ஏறு. சம்பளம் குறைவென்றாலும் ஏறு. ஓடுகிற கப்பலில் நீ இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்கு நித்திரை வரும். என்னிடம் மிச்சம் இருக்கிறவன் நீ ஒருவன்தான்டா.

அதற்கு முன் ஒரு காரியம். கோயில் ஐயரைக் கேட்டேன். நீ ஒரே ஆண்பிள்ளை, எந்தக் கரை என்றாலும் கரைதான், ஆறும் கடலும் சேருகிற இடம் என்றால் இன்னும் நல்லது என்றார். பாதிரியாரிடம் சொல்லி ஒரு பகல் இறங்க அனுமதி வாங்கு. ஊருக்குத் தெற்கே நடந்தால் ஸும்மாம் கடலில் விழும் இடம் வரும். எள்ளு அந்த ஊரில் கிடைக்கும், பாணுக்கு மேலே தூவுவார்கள் என்று வார்தியா சொன்னாள். முகம் மழித்து முழுகிவிட்டு, தெற்கே பார்த்து நின்று, எள்ளும் தண்ணீரும் இறை. முன்னால் மலைகள் தெரியும், கடல் உன் இடது பக்கத்திலும் முதுகுப்பக்கத்திலும் இருக்கும். கீரிமலையில் அப்பாவுக்குச் செய்தபோதும் கடல் உன் முதுகுப்பக்கம்தான் இருந்தது. அன்றைக்கு அம்மா துவாயோடு கரையில் நின்றார். இந்தத் தடவை அலையைப் பார்த்து நீயே கவனமாக இறங்கு.

உரத்து அழு. அங்கே உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நானும் இங்கே அழுகிறேன், குளியலறைக்குப் போய் அல்ல, அத்தானுக்கும் பிள்ளைக்கும் முன்னால்.

இனி ஒவ்வொரு நாளும் கிடைப்பதைச் சாப்பிடு. என்ன சாப்பிட்டாய் என்று எனக்கு எழுது, மலையைப் பிறகு எழுதலாம். வருகிற சித்திரா பௌர்ணமிக்கு நீ எந்தக் கடலில் நின்றாலும் சரி, எவ்வளவு பாண் இருந்தாலும் சரி, அன்றைக்கு மட்டும் தொடாதே, தம்பி.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
அக்கா
சந்திரவதனா