திறந்திருக்கும் நேரம்

ஞாயிறு, காலை

என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். நீ அங்கே நலமாக இருக்க வேண்டும். இது தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பும் கடிதம். ஓரத்தில் தெரியும் நிழல் என் கட்டைவிரல். பெரிதாக்கிப் படி.

போனில் பேசாமல் ஏன் இந்த வேலை என்று கேட்பாய். போனில் உனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் எட்டு குட்டியுடையது. மிச்சமிருக்கும் இரண்டில் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இல்லை. போன வாரம் அந்த இரண்டு நிமிடத்துக்குள்தான் நீ அந்த விஷயத்தைச் சொன்னாய். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், இரண்டு மாதத்துக்குள் கையெழுத்து வேண்டுமாம், 'நீங்க என்ன சொல்றீங்க' என்று. நான் 'உன் இஷ்டம்' என்றேன்.

போனை வைத்த பிறகும் அந்த இரண்டு சொற்களோடு உட்கார்ந்திருந்தேன். கேட்பதற்குப் பெருந்தன்மை போல இருக்கிறது. மோட்டாருக்குள் கம்பிச் சுற்றாக இருக்கும் காயில், உள்ளே எரிந்துபோனாலும் வெளிப்பார்வைக்குச் செம்பு மாதிரிதான் இருக்கும்.

குட்டிக்காகக் கொஞ்சம் சேர்த்து வைக்கத்தான் நீ கடல் தாண்டிப் போனாய். இரண்டு வருடம் என்று பேச்சு. நீ போன பத்தாவது மாதம் நான் வேலை செய்த மின்விசிறிக் கம்பெனியை மூடினார்கள். அன்றிலிருந்து உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. யாரோ ஒரு வயதான அம்மாவை நீ குளிப்பாட்டி, தலை துவட்டி, மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறாய். நான் இங்கே படுத்துக்கொண்டு நம் வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுகிறேன்.

பதினான்கு வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டிய கை. கம்பெனிச் சுவருக்குள் கட்டிய கை. அதனால் எதிர்வீட்டில் ஒரு மிக்ஸி நின்றுபோனாலும், எட்டடி தூரத்தில் ஒருவன் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. கடை கடையாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. எல்லாக் கடையிலும் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறார்.

இன்னொன்று இருக்கிறது. உன்னிடம் மறைத்தது. இந்த வருடம் குட்டியின் பள்ளியில் தாளில் அறிவிப்பு தருவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் போனில்தான். அதில் ஏதோ ஒன்றை அமுக்கினால்தான் செய்தி வருமாம். நான் அமுக்கவில்லை. பெற்றோர் கூட்டம் நடந்திருக்கிறது. மற்ற பிள்ளைகள் அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் தனியாக. டீச்சர் கேட்டதற்கு, 'அப்பாவுக்கு வேலை இருக்கு மிஸ்' என்றிருக்கிறாள். அந்த நேரம் நான் தரையில் படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அவளே சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. இன்று வெயில் என்பது போலச் சொன்னாள்.

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் சொன்னேன். பக்கத்துத் தெருச் சமூகக் கூடத்தில் கம்ப்யூட்டரும் போனும் சும்மா சொல்லித் தருகிறார்களாம், வாரம் மூன்று நாள். 'மூணு பிள்ளை பெத்த நானே பேரு குடுத்துட்டேன், உங்களுக்கு என்ன வெக்கம்' என்று என் பெயரையும் கொடுத்துவிட்டார். நாளை முதல் வகுப்பு. ஒன்பது பெண்கள், நான் ஒருவன். நீ சிரிப்பது கேட்கிறது.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள். பாதத்துக்கு எண்ணெய் தடவாமல் தூங்காதே.

உன்
வயர்


புதன், மதியம்

அன்பானவளுக்கு,

இது தட்டிய கடிதம். முதல் வரிக்கே கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு விரல் வேலை செய்கிறது, மற்ற எட்டும் வேடிக்கை பார்க்கின்றன.

கூடத்தைச் சொல்கிறேன். தண்ணீர் அலுவலகத்துக்கு மேலே, இரண்டாவது மாடி. நீள மேசைகள். பதினொரு கம்ப்யூட்டர், அதில் இரண்டு வெறும் அலங்காரம். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, சுற்றுக்கு ஒருமுறை க்ளிக் என்கிறது. பேரிங் போய்விட்டது. முதல் நாள் முழுக்க என் காது அதிலேயே இருந்தது. சொல்லித்தரும் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். 'அண்ணா, பாடம் மேல ஓடல, கீழ ஓடுது' என்றாள். மொத்த வகுப்பும் சிரித்தது. தையல்கார அக்கா சும்மா இருக்காமல், ஒல்லியாக இருப்பதால் நீ எனக்கு வைத்த பெயரையும் சபையில் போட்டு உடைத்துவிட்டார். இப்போது பாட்டி வயதுக்காரருக்கும் நான் வயர் அண்ணன்.

பள்ளிச் செய்தியைத் திறந்தாயிற்று. அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். குட்டி என்னைப் பார்க்காதது போலவே பார்த்தாள். நீ கோபித்துக்கொண்டு சிரிப்பாயே, அதே முகம்.

நேற்று ஒரு படிவம் நிரப்பினோம். வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். மூன்று என்று போட்டேன். வெளியூரில் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாதாம். அழித்துவிட்டு இரண்டு என்று தட்டினேன். ஒரு எண்ணை அழிக்க ஒரு அமுக்கு போதும். எழுத்து விழும் இடத்தைக் காட்டும் அந்தக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. நான் அடுத்த கட்டத்துக்குப் போக நேரமாயிற்று.

உன் பதில் கிடைத்தது. 'நான் வந்துட்டா வீட்டை எப்படி ஓட்டுறது' என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில், அந்த அம்மா இப்போதெல்லாம் உன்னை இறந்துபோன தன் தங்கை பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், நீயும் 'ம்' என்று போகிறாய் என்று. முதல் வரிக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

இன்று அவரவர் தொழிலைப் போன் வரைபடத்தில் ஏற்றச் சொல்லித் தந்தாள். யாராவது தேடினால் நம் பெயர் வரும், எண் வரும், இடமும் வரும். தையல்கார அக்கா தைத்த பள்ளிச் சீருடையைப் படம் பிடித்துப் போட்டார். நான் ஒரு பழைய மோட்டாரைப் போட்டேன். முகத்தையும் போடுங்கள் என்றாள். வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்றேன். சரி, கையைப் போடுங்கள் என்றாள். என் கையை நானே படம் பிடித்தேன். பதினான்கு வருடத்தில் இதைப் பார்த்ததே இல்லை.

'வயர் ரிப்பேர். மோட்டார், மின்விசிறி, மிக்ஸி.' அவ்வளவுதான் விளம்பரம். இரண்டு நாளில் தெரியுமாம்.

கையெழுத்துக்கு இன்னும் ஐந்து வாரம். அதை நான் எண்ணவில்லை. எண்ணினேன்.

அந்த வீட்டு ஜன்னல் திறக்காது என்று எழுதியிருந்தாய். பகலில் ஒருமுறையாவது வெளியே போய்க் கொஞ்சம் நட.

உன்
வயர்


சனி, காலை

என் கண்ணுக்கு,

நான்கு வாரமாக எழுதவில்லை. கோபமாக இருப்பாய். காரணம் கேட்டால் சிரிப்பாய்.

போன கடிதம் எழுதிய மறுவாரம், புதன்கிழமை சாயங்காலம், அடுத்தடுத்து ஐந்து பேர் போன் செய்தார்கள். மின்விசிறி ஓடவில்லை, மிக்ஸி புகைகிறது, தண்ணீர் மோட்டார் உறுமுகிறது. வீடு எங்கே என்று கேட்டார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி, 'அட்ரஸ் எதுக்கு சார், மேப்ல போட்டிருக்கேன், நாளைக்குப் பத்து மணிக்கு நேரா வந்துடுங்க' என்றேன். ஐந்து பேரிடமும் அதே வசனம்.

வியாழன் காலை குட்டியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து மேசையைத் துடைத்தேன். திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கினேன். ஸ்டூல் ஒன்றை வாசலில் போட்டேன். பத்து. பதினொன்று. தெருவில் யார் நடந்தாலும் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பன்னிரண்டரைக்குத் திருப்புளிகளைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். அடுக்காமல் போட்டேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போட்டுவிடு என்று உனக்குச் செய்தி அனுப்பத்தான் அப்போது போனை எடுத்தேன்.

திரையில் பத்தொன்பது தவறிய அழைப்புகள். முந்தின இரவு குட்டி தூங்கட்டும் என்று, வகுப்பில் சொல்லித்தந்தபடி போனை ஊமையாக்கியிருந்தேன். பேச வைக்கும் பாடத்தை நான் மறந்துவிட்டேன். கடைசி அழைப்பு சொல்லித்தரும் பெண்ணுடையது. கூப்பிட்டேன். 'அண்ணா, இங்க ஒரு ரிப்பேர் கடையே நடக்குது, ரிப்பேர்காரரைத்தான் காணோம்' என்றாள்.

வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும்போது 'இப்போது இருக்கும் இடம்' என்பதை அமுக்கியிருக்கிறேன். நான் அப்போது இருந்த இடம் கூடம்.

பெட்டியோடு ஓடினேன். தையல்கார அக்காவும் பின்னாலேயே வந்தார். படியில் முதலில் தெரிந்தது தண்ணீர் மோட்டார். இரண்டு பேர் அதை முதல் மாடிவரை தூக்கிவந்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேலே வகுப்பு நாற்காலியில் ஒரு பெரியவர் மடியில் குழந்தை போல மின்விசிறி. கீபோர்டு பக்கத்தில் இரண்டு மிக்ஸி. கூடத்துப் பொறுப்பாளர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். 'இது பொதுக் கூடமா, உங்க பட்டறையா' என்றார். எண்ணெய்க் கறையைக் காலால் காட்டினார். அப்படியே திரும்பிப் படியிறங்கிவிடலாம் என்றிருந்தது. அக்காதான், 'வந்தவங்களைத் திருப்பி அனுப்பி என்ன கண்டோம், பெட்டியைத் தொறங்க' என்று தரையில் செய்தித்தாளை விரித்தார்.

உட்கார்ந்தேன்.

பெரியவரின் மின்விசிறியில் எண்ணெய் வறண்டு தண்டு இறுகியிருந்தது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் சுற்றியது. ஒரு மிக்ஸியில் கார்பன் தேய்ந்திருந்தது, மற்றதில் ஒரு வயர் விட்டிருந்தது. அன்றைய வகுப்புப் பெண்கள் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். கம்பெனியில் என் வேலையை யாரும் நின்று பார்த்ததில்லை. தண்ணீர் மோட்டாருக்குக் காயில் எரிந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு பகல் உட்கார்ந்து கட்டினேன். அன்று கூடத்திலிருந்து கிளம்பும் முன் மேசையில் ஏறி, கூடத்து மின்விசிறியையும் கழற்றிப் பேரிங் மாற்றினேன். க்ளிக் நின்றது. பொறுப்பாளர் மேலே பார்த்தார். மறுநாள் துணிப்பையில் மறைத்து அவர் வீட்டு மிக்ஸியைக் கொண்டுவந்தார்.

அந்தப் பெரியவர் வரைபடத்தில் எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். 'நல்ல மனுஷன். படி மட்டும் அதிகம்.'

இப்போது கூடத்து மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைச் செவ்வாயும் வெள்ளியும் பொறுப்பாளர் எனக்கு விட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக அந்த இரண்டு நாளும் ஒரு மணி நேரம், மிக்ஸி திறந்து பழுது பார்க்க ஆறு பெண்களுக்கு நான் சொல்லித் தருகிறேன். தையல்கார அக்கா தன் மெஷின் மோட்டாரைத் தானே கழற்றி மாட்டுகிறார். அவருக்குப் போன் வழியாகவே இரண்டு பள்ளிகளின் சீருடை வேலை வந்துவிட்டது, ஒரு ஆள் சேர்த்திருக்கிறார். சொல்லித்தரும் பெண்ணிடம் தப்பான இடத்தைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். 'தொட்டுடாதீங்கண்ணா, ஊரே அங்கதான் வருது' என்றாள்.

இந்த மாதம் வாடகையும் குட்டியின் பள்ளிக் கட்டணமும் என் கையிலிருந்து போயின. நீ அனுப்பியது வங்கியில் அப்படியே இருக்கிறது. வரிசையில் நிற்காமல் போனிலேயே பார்த்துச் சொல்கிறேன். எல்லா மாதமும் இப்படி இருக்குமா என்றால் தெரியாது. சில வாரம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் 'வீட்டை எப்படி ஓட்டுறது' என்ற உன் முதல் வரிக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

கையெழுத்துக்கு ஒரு வாரம். அது பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நான்கு முறை தட்டி நான்கு முறையும் அழித்தேன். 'உன் இஷ்டம்' என்று மட்டும் இனி எழுத மாட்டேன்.

மற்ற நாட்களில் வீட்டில்தான் வேலை என்பதால், நேற்று நானும் குட்டியும் நம் வீட்டையும் வரைபடத்தில் ஏற்றினோம். இந்த முறை வாசற்படியில் நின்று இடத்தை அமுக்கினேன். நீலக் கதவைப் படம் பிடித்தோம். பெயிண்ட் உரிந்த இடம் தெரியக் கூடாது என்று குட்டி அதன் முன்னால் நின்றுகொண்டாள். முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன, பார்.

பிறகு நீ இருக்கும் ஊரைப் போட்டு, வழி என்ற பொத்தானை அமுக்கினோம். வழி கிடைக்கவில்லை என்று வந்தது. அவள் முகம் சுருங்கியது. பிறகு அவளே, 'அம்மா ரோட்டுல வர மாட்டாங்கப்பா, பிளேன் படத்தை அமுக்கு' என்றாள். பதினொரு மணி நேரம். 'அவ்வளவுதானா, ரெண்டு ஸ்கூல் நாள் கூட இல்லையே' என்று என்னைப் பார்த்தாள். இதையா இவ்வளவு நாள் பெரிதாகச் சொன்னாய் என்ற பார்வை.

கடைசியாகத் திறந்திருக்கும் நேரம் கேட்டது. நான் காலை ஒன்பது என்று தட்டப் போனேன். அதற்குள் குட்டி, எல்லா நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் என்பதை அமுக்கிவிட்டாள். எங்கே போய்த் திருத்துவது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

திருத்தவில்லை. அந்த ஒப்பந்தத் தாளில் பேனாவை வைக்கும் முன் வரைபடத்தில் நம் வீட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிடு. நன்றாக இரு.

வீட்டிலிருந்து,
உன் வயரும் குட்டியும்