கண்ணை மூடினால்

3.6.1991

அன்புள்ள என்னவளுக்கு,

நலம். கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பதும், வீட்டில் ஒற்றை ஆளுக்குச் சமைப்பதுமாக நாள் போகிறது. உப்பு ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை.

நம் வாலு காய்ச்சலில் போனபின் நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆல்பத்தையும் கொண்டுபோய்விட்டாய். முழுதும் வேண்டாம், நம் மகளின் ஒரு போட்டோ அனுப்பு.

உன் வீட்டுக்காரன்

11.6.1991

வாலுவின் அப்பாவுக்கு,

பெண்ணைப் பறிகொடுத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், இப்போது போட்டோ கேட்கிறீர்கள். "அவருக்கு படம் இருந்தா போதும் போல" என்றாள் அண்ணி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆல்பம் இல்லை. நெகட்டிவோடு சேர்த்துப் போன மாதமே எரித்துவிட்டேன். ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொல்லிச் சிரித்த முகம் அது. பார்க்கப் பார்க்க, அந்த முகம் என் கண்ணுக்குள் இருக்கும் வாலுவை மறைத்துக்கொண்டு வந்தது. நெற்றியைச் சுருக்கி முறைப்பதும், தலையில் சோப்பு நுரையோடு ஓடுவதும், கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. உங்களுக்கும் தெரியுமே, பிறகு காகிதம் எதற்கு?

வாலுவின் அம்மா

17.6.1991

அன்பானவளே,

எனக்குத் தெரியாது.

கோபத்தில் எழுதவில்லை. உன் கடிதம் வந்த அன்று, கடைக்கு வரும் கண் டாக்டரிடம், "கண்ண மூடினா நிஜமாவே முகம் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு கடையில் எல்லாரையும் விசாரித்தார். ரசீது போடும் பெண்ணுக்கு அவள் அம்மா சேலையின் பூ வரை தெரிகிறதாம். டாக்டருக்கு மங்கலாக. எனக்கு வெறும் இருட்டு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான், உலகத்துக்கே அப்படி என்று இருந்துவிட்டேன். கண்ணில் கோளாறு இல்லை, ஆளுக்கு ஆள் இது மாறும் என்றார் டாக்டர்.

இடது காதுக்குக் கீழே மச்சம், பாதி முளைத்த முன்பல். நம் வீட்டு விலாசம் தெரிவதுபோல அதெல்லாம் தெரியும். முகம் மட்டும் வராது. நாள் முழுக்க அவளையே நினைக்கிறேன், ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை.

எங்காவது ஒன்று இருக்கிறதா? பாதி எரிந்ததாவது?

உன் வீட்டுக்காரன்

2.7.1991

என்னங்க,

உங்களிடம் சொல்லாமல் ஊருக்கு வந்து, அவள் பள்ளிக்கூடத்தில் கேட்டேன். வகுப்புப் போட்டோவில் அந்தக் கழுதை சரியாக அந்த நேரம் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். பின்னல்தான் தெரிகிறது. அதை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

கடை வழியாகத்தான் திரும்பினேன். ஒரு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இளைத்துப்போயிருக்கிறீர்கள். உள்ளே வராமல் பஸ் ஏறிவிட்டேன்.

அவள் முகத்தை எழுதிப் பார்த்தேன், பக்கம் பக்கமாக. எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விவரங்கள். கிழித்துவிட்டேன்.

என்னை வரச் சொல்லாதீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. அது போயே போய்விட்டது. கண்ணை மூடினால் இப்போதும் வருகிறாள். உங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?

வாலுவின் அம்மா