தவளை மாதிரி குந்தும் ஸ்பிட்ஃபயர்

ஷிபா கண்ணு,

அத்தா எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

பழைய போர் விமானங்களில் எது அழகு என்று ஃபேஸ்புக் குழுவில் ஒரு மாதமாகச் சண்டை. ஸ்பிட்ஃபயர்தான் என்றேன். அந்த இறக்கையின் வளைவுக்கு ஈடு உண்டா, நீயே சொல்! 'ஹண்டர் ரசிகன்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் மட்டும் விடவே இல்லை. "ஸ்பிட்ஃபயரா? தரையில நின்னா தவளை மாதிரி குந்திகினு கீது அண்ணாத்தே!" என்று எழுதினான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் தினமும் டீயைத் தொடுவதற்கு முன்பே அவன் என்ன எழுதியிருக்கிறான் என்றுதான் பார்க்கிறேன். ஹண்டர் ஜெட்டின் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையை அவன் வர்ணித்தபோது மனசுக்குள் ஆமாம் போட்டேன். இதை அவனிடம் சொல்லிவிடாதே.

நேற்று, தான் செய்த ஹண்டர் மாடலைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். அது நின்ற மேசையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு. நீயும் நானும் ஸ்பிட்ஃபயர் மாடல் ஒட்டும்போது பசை கொட்டிய உன் மேசை, ஷிபா! உன் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அதை அயனம்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வண்டியேற்றியபோது நான் தலையை நிமிர்த்தாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் உன் வீட்டுக்காரர் கிஷோரைக் கூட்டிக்கொண்டு வா. ஹண்டரும் வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். அம்மா பிரியாணிக்குக் கறி சொல்லிவிட்டாள்.

ஒன்று மட்டும் சொல்லிவை. அண்ணாத்தே எல்லாம் குழுவோடு சரி. வீட்டில் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும்.

உன் அத்தா