வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற மகளுக்கு

சிலமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு ஆத்தா முத்துப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. அந்த ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நல்லபடியாக இருக்க நம் குலசாமி துணை. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், உன் தம்பி கட்டிலில் படுத்தபடியே சொல்லிராதீங்க என்று கண்ணைக் காட்டுகிறான். அதனால் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சாக்கில் தோட்டத்துக்கு வந்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீப்பு ஓட்டுகிற சீனிச்சாமியிடம் கொடுத்தால் போட்டோ பிடித்து உனக்கு வாட்சப்பில் அனுப்பிவிடுவான்.

நீ அனுப்பிய பந்தாட்ட மைதான வீடியோவைப் பார்த்தோம். மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நீயும் உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளும் நிற்கிறீர்கள், அத்தனை ஜனமும் தோள்மேல் கை போட்டு ஒரே நேரத்தில் குதிக்கிறது. வருகிற சனிக்கிழமை ரயிலேறி எதிராளி ஊருக்கே போய் இப்படிக் குதிக்கப் போறோம்ப்பா என்று சிரித்தாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவுக்கு ஏதோ சோலி என்று நினைத்திருப்பாய். தம்பி அருண்பாண்டி வண்டியிலிருந்து விழுந்து காலில் அடி என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய் ஆத்தா.

போன மாதம் கேரளாப் பக்கம் பூப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் கிரவுண்டில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பந்தாட்டம், நம் ஊர்ப் பையன்கள் கடைசி ஆட்டம் வரைக்கும் போய்விட்டார்கள். உன் தம்பி கொட்டு மேளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அம்மாவுக்கு மனசில்லை. "அடுத்தவன் ஊருல போயி ஆட்டம் போட்டா அடிக்க மாட்டானுகளா, நீங்களும் கூடப் போங்க, பிள்ளை மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்று என்னையும் சீனிச்சாமி ஜீப்பில் ஏற்றிவிட்டாள். அவள் பயந்தது சண்டைக்கு. அங்கே ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, வாங்க வாங்க என்று பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கென்று சரிவுப் பக்கம் தனியாகக் கேலரி போட்டிருந்தார்கள், பாக்கு மரத்தை ஊன்றிக் கயிற்றால் கட்டி மேலே பலகை. மழை பெய்து மண் சொதசொதவென்று இருந்தது. நானும் ஏறித்தான் உட்கார்ந்தேன், முழங்கால் கடுக்கிறதே என்று பாதி ஆட்டத்தில் இறங்கிக் கீழே நின்றேன். அப்போதுதான் நம் பையன்கள் கோல் போட்டார்கள். கேலரி முழுக்க எழுந்து குதித்தது, தம்பி கொட்டடிக்க அடிக்க இன்னும் குதித்தது. மூலையில் ஊன்றிய மரம் மண்ணை விட்டு மேலே வருவது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கி "எறங்குங்கடா, எறங்குங்கடா" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். நானும் கோலுக்குத்தான் கத்துகிறேன் என்று உன் தம்பி நினைத்துக்கொண்டான். "எங்கப்பாவே ஆடுறாருடா" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினானாம். கை ஆட்டியதை நானும் பார்த்தேன். ஓடினேன். போய்ச் சேருவதற்குள் எல்லாம் சாய்ந்துவிட்டது.

முதலில் ஓடி வந்து மரங்களைத் தூக்கியவர்கள் எதிர் டீம் ஊர்க்காரர்கள்தான். ஏலக்காய் ஸ்டோர் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து அதில் உன் தம்பியைக் கிடத்தினார்கள். அவர்கள் கோல் கீப்பர் பையனுடைய அம்மா ஒச்சம்மாள், எஸ்டேட்டில் காய் எடுக்கிறவர், யாரும் சொல்லாமலே எங்கள் ஜீப்பில் ஏறி இவன் தலையைப் பிடித்துக்கொண்டார். மலை இறங்குகிற அத்தனை வளைவிலும் மூடுபனி. "அசையாதப்பு, அசையாத, இந்தா வந்துருச்சு" என்று தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பெற்ற பிள்ளை, தேற்றியது அவர். மற்றவர்களுக்குக் கை கால் முறிவோடு போயிற்று. இவனுக்கு முதுகுத் தண்டில் அடி. ஆபரேஷன் செய்துவிட்டார்கள், இடது கால் வேலை செய்கிறது, வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை. டாக்டர் பொறுத்துத்தான் பார்க்கணும் என்கிறார். காலையில் அம்மா பாதத்தைத் தடவிக்கொண்டே "இப்பத் தெரியுதாப்பு" என்று கேட்பாள், அவன் "லேசாத் தெரியுதும்மா" என்பான், அவள் நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விடுவாள். நேற்று அவன் போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பேசாமல் போய் அந்தக் கால்விரலைக் கிள்ளினேன், நகம் பதியக் கிள்ளினேன். அவன் திரும்பவே இல்லை. உன் அம்மா பொன்னுமணியிடம் இதை எப்படிச் சொல்வேன், உன்னிடம்தான் சொல்கிறேன்.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ டிக்கெட் எடுத்தாயிற்று. உன் தம்பியோ "அக்கா போறதைக் கெடுத்துராதீங்கப்பா, அவளாச்சும் பாக்கட்டும்" என்கிறான். அங்கே கேலரியெல்லாம் கான்கிரீட், பாக்கு மரம் இல்லை என்று நீ சிரிப்பாய், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஏறும்போதே இறங்குகிற வழியைப் பார்த்து வைத்துக்கொள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒதுக்கிய இடத்தை விட்டு வேறு பக்கம் போகாதே. கோல் விழுந்ததும் எல்லோரும் மைதானத்தைப் பார்ப்பார்கள், நீ ஒரு தடவை காலுக்கடியில் பார். கீழே நின்று யாராவது கையைத் தூக்கிக் கத்தினால் அவனும் சந்தோஷத்தில் ஆடுகிறான் என்று நினைத்துவிடாதே ஆத்தா. ஜெயித்தால் அந்த ஊர்க்காரர் முகத்துக்கு நேரே துண்டை ஆட்டாமல், கூட்டம் கலைந்த பிறகு கூட வந்த பிள்ளைகளோடு சேர்ந்தே வெளியே வா. இதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன தெரியும். பக்கத்தில் நின்றே ஒன்றும் செய்ய முடியாதவன், அவ்வளவு தூரத்துக்கு என்ன செய்யப் போகிறேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். மறந்துவிடாதே, ஆட்டம் முடிந்து ரயிலேறியதும் தம்பிக்குப் போன் போடு. யார் கோல் போட்டது, எப்படிப் போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லு, அதைக் கேட்கிற நேரமாவது அவன் காலை மறந்திருப்பான். அப்பாவிடம் கொடு என்று கேட்காதே. நான் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், உன் சத்தம் கேட்டால் போதும்.

உன் அப்பா,
சோலைமலை